பதினான்காம் இலக்கு

எட்டு மணியாகியும் டெல்லி மூட்டம் கலையவில்லை.
சிவப்புக் கொடி ஏறிவிட்டது.
இருநூறு கஜம் தள்ளி ஒரு மண்மேடு இருப்பதாக நம்பி
நாற்பது பேர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

பழகியவர்கள் வலது கையுறையில்
ஆட்காட்டி விரலை மட்டும் கத்தரித்திருந்தார்கள்.
என் கையுறை முழுசாக இருந்தது.
அதிலேயே தெரிந்துவிட்டது எல்லோருக்கும்.

பதினோரு மாதமாக இந்தக் கைகளுக்கு வேறு வேலை.
மெட்ரோ வாசலில், திரைத்துணிக்குப் பின்னால்,
பெண்களின் தோள், அக்குள், இடுப்பு,
சாவிக்கொத்து, மாத்திரை அட்டை,
ஒருமுறை ஸ்வெட்டருக்குள் உயிரோடு ஒரு முயல்குட்டி.
பீப். திரும்பு. போ.
ஒரு ஷிப்டுக்கு இரண்டாயிரம் பேர்;
ஒரு முகம்கூட நினைவில்லை.
அணியில் ஒரு பெண் குறைகிறாள் என்று
இன்ஸ்பெக்டர் என் பெயரை எழுதினார்:
ஜெபக்கனி. அவர் எழுத்தில் ஜபாகானி.

ஒன்பது பத்துக்கு மூட்டம் கிழிந்தபோது
மூன்றாம் இலக்குக்கு முன்னால் ஒரு நீல்காய் நின்றது,
எங்கள் நாற்பது பேரையும் எடைபோட்டபடி.
விசில், கூச்சல், ஒரு ஹவில்தாரின் ஓட்டம்.
அது தன் சௌகரியத்துக்கு நடந்து
முட்காட்டுக்குள் போயிற்று.
(இங்கேயும் சீமைக்கருவேலம்தான்.)

படுத்தேன்.
தார்ப்பாயின் ஈரம் முழங்கை வழியாக ஏறியது.
மூன்று நாள் பயிற்சியில் தோளில் ஊறிய கன்றல்
துப்பாக்கியின் கட்டை வந்து அமர்ந்ததும்
'நீயா' என்றது.

ஒலிபெருக்கி 'பர்' என்றது. நிரப்பினோம்.

பின்துளைக்குள் முன்முனை.
முனைமேல் கறுப்பு வட்டம்.
பாதி மூச்சை விட்டு மீதியைப் பிடித்தால்
இதயம் குறுக்கே பேசுகிறது;
ஒவ்வொரு துடிப்புக்கும் முனை
கடுகளவு ஏறி இறங்குகிறது.
இங்கே கடுகு,
அங்கே போய்ச் சேரும்போது பூசணிக்காய்.
இரண்டு துடிப்புக்கு இடையில் ஒரு சந்து உண்டு.
அதில் நுழைந்து விரலை மடக்க வேண்டும்.

ஒன்று.
இரண்டு. மூன்று.

நான்காவதுக்கு முன்
இடப்பக்கத்துக்காரியின் துப்பாக்கி துப்பிய வெற்றுறை
கொதிக்கக் கொதிக்க என் காலருக்குள் விழுந்தது.
அம்மா என்று கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை.
நெளிந்தேன், உதறினேன், மறுபடி கன்னம் பதித்தேன்.
கறுப்பு வட்டம் எனக்காகக் காத்திருந்தது.
மீதி ஏழையும் அதற்கே கொடுத்தேன்.
இவ்வளவு அமைதியாக நான் எதையுமே செய்ததில்லை.

பள்ளத்திலிருந்து வயர்லெஸ் சொன்னது:
பதினாலில் மூன்று.
பதினைந்தில் பதினேழு.

சிரிப்பு வரிசையின் ஒரு முனையிலிருந்து
மறுமுனை போய்த் திரும்பி வந்தது.

பதினைந்து, கமலேஷ் அஹ்லாவத்துக்கு உரியது.
விதிப்படி, இருப்பதில் சிறந்த பத்தை
அவள் கணக்கில் எழுதினார்கள்.
ஐம்பதுக்கு ஐம்பது.
அவள் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தாள்.
"நாற்பத்தாறைத் தாண்டியதே இல்லை நான்"
என்றாள் இந்தியில்,
என்னிடமா, மண்மேட்டிடமா, தெரியவில்லை.
எனக்குப் பதின்மூன்று.

ஓட்டை அடைக்கும் வேலை கடைசி ஆளுக்கு.
பசைக் கிண்ணமும் கறுப்புத்தாள் துண்டுகளுமாகப்
பள்ளத்தில் இறங்கினேன்.
பதினைந்தின் நடுவில் இரண்டு துளைகள் ஒட்டிக்கொண்டு
எட்டு என்று எழுதியிருந்தன.
தோட்டா கையெழுத்துப் போடுவதில்லை.
கீழ்த்துளையில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தேன்;
நுழையவில்லை. நகம் மட்டும் அந்தப் பக்கத்து
வெயிலைத் தொட்டது.
இது என்னுடையது என்று முடிவுசெய்தேன்.
கழுத்து எரிந்தது.

பிறகு அதன்மேலும் ஒரு தாளை ஒட்டினேன்,
ஓரங்கள் தூக்காமல் அழுத்தி.