நாற்பத்தொரு இங்கே

ஊபியில் நாலாம் மாடி.
கீழே கார் பட்டறை;
பெயின்ட் வாசம் லிஃப்டில் ஏறி
எங்களோடு வேலைக்கு வரும்.
நான்கு மொழி இணையப்பக்கத்தில்
தமிழ் என் பொறுப்பு.

திங்கள் பத்தேகாலுக்கு ஒரு குரல்:
"ஹவ்காங்கிலிருந்து ஃபவுசியா.
உங்க பக்கத்தில சக்கர நாற்காலி எங்கே இருக்கு?"

"நீல எழுத்தில் இங்கே என்று இருக்குமே,
அதைத் தட்டுங்கள்."

"நீலம் எனக்குத் தெரியாதும்மா.
போன்தான் வாசிக்கும். நீங்களே கேளுங்க."

இணைப்பு, இங்கே.
இணைப்பு, இங்கே.
இணைப்பு, மேலும்.
இணைப்பு, இங்கே.

கோபமில்லாத அந்த இயந்திரக் குரல்
நான் எழுதியதை எனக்கே
நாற்பத்தொரு முறை வாசித்தது.
நடுவில் ஒருமுறை ஃபவுசியா இருமினார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

பள்ளியில் படித்ததுதான்:
அ, இ, உ சுட்டெழுத்து.
இ பக்கத்துக்கு, அ தூரத்துக்கு.
நடுவில் நிற்கும் உ-வை
மூன்றாம் மேசை கெங்காதரன் மட்டும்
யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்து
இன்னும் செலவழிக்கிறான்:
"ஸ்டேப்ளர் உங்கை கிடக்கு, பாருங்கோ."
எந்த எழுத்தானாலும்
சுட்ட ஒரு விரல் வேண்டும்,
விரலைப் பார்க்க ஒரு கண்.
கண் இல்லாத இடத்தில்
இங்கே
ஒரே எழுத்து நகர்ந்து
எங்கே ஆகிவிடுகிறது.

பையில் கட்டிய கோப்பி-ஓவோடு
டெரிக் கோ வந்து நின்றார்.
"மாத்து, மாத்து. மாத்தும்போதே
தேடுபொறிக்கும் கொஞ்சம் தீனி போடு:
மலிவு நாற்காலி, சிங்கப்பூர் மலிவு நாற்காலி,
மிக மலிவு சிங்கப்பூர்..."

தபால்பெட்டியில் திணிக்கும்
கடன் நோட்டீஸ் போல இருக்கும் பாஸ்,
என்று சொல்ல நினைத்தேன்.
சொன்னது வேறு:
தேடுபொறிக்கும் நீலம் தெரியாது.
அதுவும் சொல்லைத் தடவித்தான்
கதவைக் கண்டுபிடிக்கிறது.
ஒரே கதவில் நூறு பெயர் எழுதினால்
யார் வீடு என்று நம்பும்?

அவர் உறிஞ்சிக்கொண்டே போய்விட்டார்.
சம்மதமா இல்லையா தெரியாது.

எழுத ஆரம்பித்தேன்.
சக்கர நாற்காலி வாடகை, நாள் கணக்கில்.
பழுதுபார்ப்பவர் வீட்டுக்கு வரும் நேரங்கள்.
விலைப்பட்டியல், பிடிஎஃப், இரண்டு எம்பி.
கதவைத் திறக்கும் முன்பே
உள்ளே என்ன சமையல் என்று
வாசம் வர வேண்டும், அவ்வளவுதான்.

பத்தொன்பதாவது இங்கே
எங்கேயும் போகவில்லை.
எப்போதோ மூடிய பக்கம்.
நான் ஒருநாளும் தட்டிப் பார்த்ததில்லை.
அதற்கு என்ன பெயர் வைக்க? அழித்தேன்.

முப்பத்து மூன்றாவதில் கை நின்றது.
உள்ளே இருப்பது எனக்குத் தெரியும்.
தெரிந்ததால்தான் அன்று
இங்கே என்று போட்டேன்.
எழுதக் கூசிய வார்த்தையை
இரண்டரை எழுத்துக்குப் பின்னால்
நிறுத்தி வைத்திருந்தேன்,
மரியாதை என்று நினைத்துக்கொண்டு.

மணி ஆறே முக்கால்.
பட்டறையில் ஷட்டர் இறங்கும் சத்தம்.
தட்டச்சு செய்தேன்:
கால் அகற்றிய பிறகு பயன்படுத்தும் நாற்காலிகள்.

வியாழனன்று மறுபடி ஃபவுசியா.
"கிடைச்சிருச்சும்மா.
கால்னு ஆரம்பிச்சதும் நிறுத்திட்டேன்.
எங்க வீட்டுக்காரருக்கு. சர்க்கரை.
முழங்காலுக்குக் கீழே, போன மாசம்."

ஏதாவது சொல்லியிருக்கலாம்.
எனக்கு அப்போதும் வார்த்தை வரவில்லை.
அவரே பேசினார்:

"இன்னும் ஒண்ணு, கோவிச்சுக்காதீங்க.
நடுவுல 'மேலும்'னு ஒண்ணு இருக்கு பாருங்க.
எதைப் பத்தி மேலும்?"