மாடு பத்து, கல் ஒன்று

வருகைப் பதிவேட்டில் பதினான்கு பெயர்.
வந்தது பதினொன்று.
லிங்கேஷுக்கு அம்மை போட்டிருக்கிறது.
இரட்டையர் இருவரும் பென்னாகரத்தில்
யாருக்கோ காது குத்தப் போயிருக்கிறார்கள்.

ஞாயிறு காலை ஏழரை,
தருமபுரி, வீட்டுவசதி வாரியப் பூங்கா.
ஒரு சறுக்கு மரம், சங்கிலி அறுந்த ஊஞ்சல்,
நகராட்சி நட்டுவிட்டு மறந்த மூன்று புங்கன்,
யாரும் நடாமல் தானே வந்த வேம்பு.
என் கழுத்தில் விசில்.
கையில் அவர்கள் கொடுத்த தாள்:
எட்டு மணி வரை இயற்கை,
அப்புறம் வரலாறு.

நான் டீச்சர் இல்லை.
மற்ற நாட்களில் பாலக்கோட்டில்
தக்காளி மண்டிக்குக் கணக்கெழுதுகிறவள்.
சொன்னால் கேட்பதில்லை.
'டீச்சர், இந்த இலைக்கும் அம்மையா?'
ரிஃபானா நீட்டிய புங்கன் இலையில்
கொப்புளம் கொப்புளமாய்.
'உள்ளே ஒரு சிற்றுயிர் குடியிருக்கு,
கண்ணுக்குத் தெரியாது' என்றேன்.
'வாடகை குடுக்குமா?'
தாளில் அதற்குப் பதில் இல்லை.

எட்டு மணி ஆனது எறும்புகளுக்குத் தெரியவில்லை.
செத்த வண்டொன்றை இழுத்தபடி
அவை வரலாற்றுக்குள்ளும் போய்க்கொண்டே இருந்தன.

கழிப்பறைச் சுவரோரம் அந்தக் கல்.
குழாய்க்குக் குழி வெட்டும்போது கிடைத்ததாம்.
யாரோ வந்து படம் எடுத்தார்கள்,
யாரோ சுற்றிக் கம்பி கட்டினார்கள்,
கம்பியில் இப்போது துண்டு காய்கிறது.
துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டுக் காட்டினேன்:
ஒரு கையில் வில், ஒரு கையில் வாள்,
தொடையில் தைத்த அம்பு,
காலடியில் எலி அளவுக்கு இரண்டு மாடு.
தலைக்கு மேலே மூன்று வரி வட்டெழுத்து.
பாதியைப் பாசி படித்து முடித்துவிட்டது.
மீதியைத் தாள் பார்த்து நான் படித்தேன்:
தொறு மீட்டுப் பட்டான்.

'தொறுன்னா?'
'மாட்டு மந்தை.'
'பட்டான்னா?'
'செத்துட்டார்.'
'மாடு?'
'திரும்பி வந்துடுச்சு.'
'எத்தனை?'
கல்லில் இல்லை.
'அதுங்களுக்குத் தெரியுமா, இவர் செத்தது?'

நான் விசிலை ஊதினேன்.
வேறென்ன செய்ய.
நடித்துப் பார்க்கலாம் என்றேன்.
மாடு கவர்வது யார், மீட்பது யார்?
அதற்குள் மாதேஷ் நெற்றியில் விரல் வைத்துக்
கொம்பு முளைத்துப் புல்லை முகர்ந்துகொண்டிருந்தான்.
ரிஃபானா மாடு. கவின்மொழி மாடு.
தீபக்ராஜ் கன்றுக்குட்டி, ஆனால் முட்டுமாம்.
திருடனா? வீட்டில் திட்டுவார்கள்.
வீரனா?
'செத்துப் போகணும்ல டீச்சர்,
அப்புறம் எப்படி விளையாடுறது?'

ஆகவே அன்றைக்குத் தகடூரில்
யாரும் யாருடைய மாட்டையும் ஓட்டிப் போகவில்லை.
மந்தை தன்பாட்டுக்கு மேய்ந்தது.
சறுக்கு மரத்தில் ஏறிச் சறுக்கி இறங்கியது.
அம்பு எய்ய ஆளில்லாத காலை.

'நான் கல்லா இருக்கேன்.'

ஒன்றாம் வகுப்பு சம்யுக்தா.
காலையிலிருந்து அதுதான் அவள் முதல் வார்த்தை.
கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்,
ஒரு கையில் இல்லாத வில்,
ஒரு கையில் இல்லாத வாள்.
நின்றாள் என்றால் அப்படி ஒரு நிற்பு.
மூச்சு விடுகிறாளா என்று நான் குனிந்து பார்த்தேன்.

எங்கிருந்தோ வந்த தும்பி
இரண்டு சுற்றுச் சுற்றி
பக்கத்துக் கல்லை விட்டுவிட்டு
இவள் தோளில் உட்கார்ந்தது.

மாடுகள் ஒவ்வொன்றாய் வந்தன.
கொம்புகள் மெல்ல இறங்கின.
முட்டுகிற கன்று கூட
வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தது.

கேட்டில் ஸ்கூட்டர் ஆரன் அடித்தது.
சம்யுக்தாவின் அப்பா, மில் ஷிஃப்டுக்கு நேரமாகிறவர்.
மறுபடியும் அடித்தார்.
உதடு அசையாமல் கல் சொன்னது:
'இருப்பா. உக்காந்திருக்கு.'

அவர் வண்டியை அணைத்தார்.

பதிவேட்டில் எழுதக் கட்டங்கள் உண்டு:
இயற்கை முடிந்த நேரம்,
வரலாறு தொடங்கிய நேரம்.
இரண்டையும் காலியாக விட்டேன்.
வந்தவர்கள்: மாடு பத்து, கல் ஒன்று.
கீழே, அடிக்கோடிட்டு:
ஊஞ்சலுக்குச் சங்கிலி வேண்டும்.