நாற்பது சதவீதம்

இடப்பக்கப் பெரிய குழாயில் எண்பத்தைந்து.
அதற்கு ஸ்டென்ட் வைத்தாயிற்று.
வலப்பக்கம் நாற்பது.
"அதைத் தொட வேண்டாம், செண்பகவல்லி,
மாத்திரையில் பார்த்துக்கொள்வோம்"
என்றார் டாக்டர் கர்க்கானிஸ்,
கடிகாரத்தைப் பார்த்தபடி.

தாதரில் வக்கீல் குமாஸ்தா நான்.
இருபத்தாறு வருஷமாக வாடகை வழக்கு.
பகடிக்கு வந்தவனைக் காலி செய்ய முடியாது,
தெரியும்.
பால்கனியை அடைத்து
இன்னொரு அறை எழுப்பாமல்
பார்த்துக்கொள்ளலாம்,
அவ்வளவுதான்.

வந்தது நெஞ்சுவலி இல்லை.
தாடையில் ஒரு குடைச்சல்.
குர்லா பாலத்தில்
இருபத்தெட்டாம் படியில் தொடங்கும்,
மேலே போய் நின்றால் அடங்கும்.
பல் என்றார்கள்.
பிடுங்கியும் போட்டார்கள்,
நல்ல பல்.
வாயு என்றார் வீட்டுக்காரர்.
பெண்கள் பெட்டியில் சுனந்தா
கைக்குட்டையில் முடிந்த ஓமம் கொடுத்தாள்.
நாலு மாதம்
ஓமத்தை மென்றுகொண்டே படியேறினேன்.

வலது மணிக்கட்டு வழியாகத்தான் போவார்களாம்.
கல்யாணத்தன்று ஏறிய வளையல்
சோப்புக்கும் மசியவில்லை.
வார்டு பையன் கத்தரித்து
இரண்டு துண்டாகக் கையில் கொடுத்தான்.
மயக்கம் கொடுக்கவில்லை.
திரையில் பார்த்தேன்:
சயானில் தண்ணீர் தேங்கிய நாளின்
தண்டவாளம் போல் கறுப்புக் கோடுகள்,
ஓரிடத்தில் வண்டி நின்றுவிட்டது.
பிறகு, யாரோ சிக்னலை மாற்றியதுபோல,
போயிற்று.
அழுகை வந்தது. வலியால் இல்லை.

இப்போது
காலையில் இரண்டு, இரவில் ஒன்று,
பர்ஸில் நாக்கடிக்கு ஒன்று.
அப்பளம் கிடையாது. ஊறுகாயை
மோந்து பார்த்துவிட்டு மூடுகிறேன்.
(பொய். வெள்ளிக்கிழமை ஒரு துண்டு.)
"நன்றாகத்தானே இருக்கிறாய்,
ஒருநாள் மாத்திரை விட்டால் என்ன?" என்கிறார் இவர்.
ஒரு மாதம் வாடகை விட்டால் என்ன என்று
கேட்ட கட்சிக்காரர்களை எனக்குத் தெரியும்.
அவர்கள் ஃபைல்கள்
கயிறு கட்டி அலமாரிமேல் இருக்கின்றன.

ஒட்டித் தருகிறேன் என்கிறார் தட்டான்.
வளையல் துண்டுகள்
மாத்திரை டப்பாவில் ஞாயிற்றுக்கிழமை அறையில்
கிடக்கின்றன.
ஞாயிறு மாத்திரையை
சனியோடு போட்டு வைக்கிறேன்.

மாலை ஆறு நாற்பது. குர்லா.
வேகவண்டிக்கு ஓடுவதை விட்டாயிற்று.
இருபத்தாறு, இருபத்தேழு.
இருபத்தெட்டில் நிற்கிறேன்.
முழுக் கூட்டமும் என்மேல் வந்து இடிக்கிறது.
"சலோ மௌஷி" என்று
ஒருத்தி முதுகில் தட்டுகிறாள்.

பொறு பெண்ணே,
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.