பிணை

உட்துறைமுக வீதிக் கிளையில்
மூன்றாம் மேசை என்னுடையது.
கடன் கேட்பவர் அமரும் கதிரைக்கு
ஒரு கால் கட்டை.
எல்லாரும் கொஞ்சம் சரிந்தே கேட்பார்கள்.

ஜெய்னுலாப்தீன் சப்ரான், கிண்ணியா,
படகு எஞ்சின் திருத்துபவர்.
கொண்டுவந்தது ஒரு பால்மா டின்,
சுருட்டிய செப்புக் குழாய்,
பயிற்சிக் கொப்பியில் ஒரு படம்:
எஞ்சின் கக்கும் சூட்டிலேயே
நடுக்கடலில் மீனைக் குளிர்விக்கும் பெட்டி.
"சூட்டால எப்பிடிக் குளிர்?" என்றேன்.
"அதானே மிஸ் புதினம்."

புத்தாக்க நிதிக்கான விண்ணப்பம், பகுதி நான்கு:
இதைப் போன்றதொன்று வேறெங்கேனும் இயங்குகிறதா?
ஆம் என்றால், புதியதல்ல.
இல்லை என்றால், சான்றில்லை.
இரண்டு கட்டங்களுக்கும் நடுவில்
அவர் பேனை வெகுநேரம் நின்றது,
காற்று விழுந்த தோணி மாதிரி.

"காணி உறுதி?"
"தொண்ணூறில போச்சு. காணி கிடக்கு,
வன இலாகாட கல்லு நடுவால நிக்கிது."

அன்று காலை
ஒரு ஜீப்புக்கு லீசிங் ஒப்பமிட்டேன்.
பதினொரு நிமிடம்.
ஜீப் ஓடி ஒளிந்தால் பிடித்து வரலாம்,
யோசனையை எந்தக் கராஜில் பூட்டுவது?

கொழும்பிலிருந்து ஏழு மாதத்தில்
கடிதம் வந்தது:
பரிசீலனையில் உள்ளது.

அதற்கு முன்பே
அவர் மனைவி ஜெஸீமா
அடகுப் பிரிவுக்கு வந்துபோயிருந்தார்.
ஆறு காப்பு.
உரசினோம், நிறுத்தோம், ஒரே பக்கப் படிவம்.
புதியதா என்று யாரும் கேட்கவில்லை.

ஆக, நாட்டின் புத்தாக்கக் கொள்கை
எங்கள் இரும்புப் பெட்டகத்தில்
பொலித்தீன் உறைக்குள்
இலக்கமிடப்பட்டுக் கிடக்கிறது,
இருபத்திரண்டு கரட்.

முதற்பெட்டி கசிந்தது.
இரண்டாவது தீப்பற்றி
சப்ரானின் இடப்புருவத்தைக் கொண்டுபோனது.
மூன்றாவது குளிர்ந்தது.
இப்போது ஐந்து படகுகளில்.
பத்துக் கிலோவுக்கு மூன்று கிலோ
'பழுது' என்று கழித்துவந்த லொறிக்கார முதலாளி
வேறு சொல் தேடிக்கொண்டிருக்கிறாராம்.

தொலைக்காட்சியில் வளர்ச்சி வீதம் வாசித்தார்கள்.
புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம்.
ஐந்து படகுகள் ஏறிக்கொள்ள
அதற்கும் பின்னால்
எத்தனை பூச்சியம் நடக்க வேண்டும்?

தலைமையகம் மின்னஞ்சலில் கேட்டது:
புத்தாக்கத்துக்கு உங்கள் கிளை
இவ்வாண்டு வழங்கிய கடன்?
பூச்சியம் என்று தட்டினேன்.
பொய்யில்லை.
அடகு வேறு பத்தி.

ஞாயிறு பின்னேரம் கிண்ணியாப் பாலம் தாண்டிக்
கரைக்குப் போனேன்.
காகங்கள் குறைந்திருந்தன.
அழுகிய சூரையை வீசுவாரில்லை.
மிச்சமிருந்தவை கைப்பிடிச் சுவரில்
நிவாரணம் வெட்டப்பட்ட குடும்பங்கள் போல
வரிசையாக இருந்து
என்னைத்தான் ஏசின.
நலன் என்ற சொல்லுக்கு
என் கண்ணால் கண்ட அளவுகோல் அதுதான்.
எழுத ஒரு கட்டமில்லை.

ஜெஸீமா ஒரு பாரையைப்
பையில் போட்டு நீட்டினார்.
வெறுங்கை.
வேண்டாம் என்றேன், பிறகு வாங்கினேன்.
மீன் சில்லென்றிருந்தது.

இருபத்தெட்டாம் தேதி வட்டி என்பதை
நானே நினைவூட்ட வேண்டியிருந்தது.