மெய் போன பக்கம்

ஓட்டையின் உயரம் பதினாறு சென்டிமீட்டர், அகலம் பதினான்கு.
பேனாக்கத்தி. வெட்டியவன் இடதுகைக்காரன்.
மேல் மூலைகள் இரண்டிலும் கத்தி கோட்டைத் தாண்டியிருக்கிறது,
அவசரத்தில், அல்லது குளிரில்.

ஆட்டுத்தோல் ஏடு. புரட்ட இரண்டு பேர் வேண்டும்.
எட்டுத் துறவிகள் ஒரே புத்தகத்தின் முன் நின்று
விடியுமுன் பாடுவார்களாம்.
சுரம் ஒவ்வொன்றும் கடைவாய்ப் பல் அளவு,
பின்வரிசையில் கண் மங்கியவருக்கும் தெரிய வேண்டுமே.

இங்கே ஒரு 'பி' இருந்தது.
மடத்துக் கணக்கேட்டில் கூலி உண்டு:
சின்ன எழுத்து நூற்றுக்கு இவ்வளவு,
உருவம் வைத்த பெரிய எழுத்து ஒன்றுக்கு இவ்வளவு,
பொன் மடத்தின் செலவு, முட்டை துரீனோவின் செலவு.
துரீனோ என்ற பெயருக்கு எதிரே
'முட்டை மூன்று டஜன் பாக்கி' என்று எழுதி
யாரோ கோபமாகக் கோடு இழுத்திருக்கிறார்கள்.

அவன் வரைந்ததை நான் பார்த்ததில்லை.
வெட்டுக்குத் தப்பிய கொடி ஒன்று ஓரத்தில் சுருண்டு இறங்குகிறது.
அதன் மேல் உரசியபடி
ஒரு கழுதையின் காது.
ஆகவே உள்ளே கழுதை இருந்தது.
கழுதை இருந்தால் மாடு இருந்திருக்கும்,
மாடு இருந்தால் வைக்கோல்,
வைக்கோலில் குழந்தை.
அவ்வளவு பெரிய வயிறு அந்த எழுத்துக்கு.

பொன் தகட்டை வைக்கும் முன்
செங்களிமண் பூச்சின்மேல் வாயால் ஊதுவார்கள்.
ஈரம் பட்டால்தான் பொன் பிடிக்கும்.
காதோரம் நெல்முனை அளவு பொன் இன்னும் இருக்கிறது.
அதன் கீழே துரீனோவின் மூச்சு,
காலையில் அவன் தின்ற வெங்காயத்தோடு.

மடங்களை மூடச் சொல்லி ஆணை வந்த குளிர்காலத்தில்
ஒரு கனவான் மலையேறி வந்தார்.
புத்தகம் வேண்டாம், கனம்,
படங்கள் போதும் என்றார்.
ஒரே முற்பகலில் நாற்பத்தொரு எழுத்துகள்,
பெட்டியில் பிஸ்கோத்து அடுக்குவதுபோல.

மிச்சத் தோல் கீழூர்க் கோவிலுக்குப் போனது.
கிறிஸ்துமஸுக்குப் பாட ஆளில்லை.
கோவேறு கழுதை ஓட்டும் வெனான்சியோவுக்குக் குரல் இருந்தது,
எழுத்துக் கூட்டவும் வரும்.
இலத்தீன் வராது.

'புவேர் நாதுஸ் எஸ்த் நோபிஸ்.'
நமக்கொரு குழந்தை பிறந்திருக்கிறது.
அப்படித்தான் பாடவேண்டும்.
அவன் கண்ணில் பட்டதைப் பாடினான்:
'உவேர் நாதுஸ் எஸ்த் நோபிஸ்.'

பு-வில் இருந்த மெய்யைத்தான்
கத்தி கொண்டுபோயிருந்தது.
உயிர் அங்கேயே நின்றது.

அந்த மொழியில் உவேர் என்றாலும் ஒரு பொருள் உண்டு.
இளவேனில்.
நமக்கொரு இளவேனில் பிறந்திருக்கிறது.

பாதிரியார் தலை நிமிர்ந்தார்.
வெளியே முழங்கால் வரை பனி.
முன்வரிசையில் செரஃபீனா
காலணிக்குள் வைக்கோல் திணித்துக்கொண்டு வந்திருந்தாள்.
யாரும் திருத்தவில்லை.
பாதிரியாரின் நாட்குறிப்பில் பதினொரு டிசம்பர்களிலும் ஏறக்குறைய ஒரே வரி:
'மறுபடியும் உவேர். இந்த வருஷமும் சொல்லவில்லை.'

ஏட்டைத் திருப்பினால் அடுத்த பாட்டு.
பூமியின் எல்லைகள் எல்லாம் கண்டன, என்று வரவேண்டும்.
'கண்டன' இல்லை.
போன எழுத்தின் முதுகோடு அதுவும் போயிற்று.
எங்கோ ஒரு வரவேற்பறையில், சட்டத்துக்குள்,
துரீனோவின் குழந்தை விருந்தாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்க
'கண்டன' என்ற சொல்
சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

புதுத் தோல் ஒட்டி, மங்கலாக ஒரு 'பி' தீட்டிவிடலாமே
என்கிறார் எங்கள் இயக்குநர்.
நான் விளிம்புகளுக்கு மட்டும் ஜப்பான் தாள் வைத்தேன்.
கழுதைக் காதின் தூசியைத்
தூரிகை நுனியால் தட்டினேன்.

படிவத்தில் 'இழப்பு' என்றொரு கட்டம்.
ஒரு மெய்யெழுத்து, ஒரு குழந்தை, ஒரு மாடு என எழுதி
மாட்டுக்குப் பக்கத்தில் 'ஊகம்' என்று சேர்த்தேன்.
முட்டை பாக்கியை எழுத
அதில் இடமில்லை.