இனம் என்ற கட்டம்

ஷேர் ஆட்டோவில் ஆட்டை மடியில் கிடத்திக்கொண்டு
பள்ளத்தூர் கால்நடை மருந்தகத்துக்கு வந்தாள் அடைக்கி.
ஒன்றரை ஆள் காசு கேட்டானாம் டிரைவர்.
"குட்டியோட வந்திருந்தா மூணு ஆள் காசு.
நல்லவேள, வயித்துலயே செத்துச்சு."

மாசி பிறந்து இது மூன்றாவது.
மூன்றும் நாள் கூடாமல் விழுந்தவை.
நஞ்சுக்கொடி தங்கிப்போக
விளக்கெண்ணெய் தடவிய வெறுங்கையால்
அவளே இழுத்தெடுத்திருக்கிறாள்
ஊருணிக் கரையில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு.

கையுறை மாட்டிக்கொண்டு பார்த்தேன்.
ஆடு நன்றாகத்தான் நின்றது.
நிற்க முடியாதவள் அவள்.
யாருடைய சாமானையோ இறக்கி வைப்பதுபோல்
தன் முழங்காலை இரு கையாலும் பிடித்து
பெஞ்சில் இறக்கினாள்.

"காய்ச்சலா?"
"பொழுது சாய்ஞ்சா வரும்.
விடியறப்ப சேலைய முறுக்கிப் பிழியலாம், அம்புட்டு வேர்வை.
பகல்ல ஒண்ணும் இருக்காது.
அதனால யாரும் நம்ப மாட்டாக."

காரைக்குடிச் சீட்டுகளை மஞ்சள் பையிலிருந்து எடுத்தாள்.
டைபாய்டு இல்லை. மலேரியா இல்லை. டெங்கு இல்லை.
கடைசிச் சீட்டில் சத்து மாத்திரை.
என்ன சாப்பிட்டாய், எந்த ஊருக்குப் போனாய்,
புருஷன் குடிப்பானா, தீட்டு நின்றுவிட்டதா,
எல்லாம் கேட்டிருக்கிறார்கள் நாலு டாக்டர்கள்.
ஆடு உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆட்டின் சீரம் ஒரு துளி,
இளஞ்சிவப்பு மருந்து ஒரு துளி.
வெள்ளைத் தட்டில் கலந்து அசைத்தேன்.
நாலு நிமிஷம்.
கெட்ட பால்போல் திரிந்தது ரோஜா நிறம்.

அவள் கையில் நரம்பு புடைத்துத்தான் இருந்தது.
எருமையின் கழுத்தில் ரத்தம் எடுக்கிற எனக்கு
அந்தக் கையில் எடுக்கச் சட்டம் இல்லை.

ஆகவே எழுதினேன். வேறு தாள் இல்லை,
கால்நடைச் சிகிச்சைச் சீட்டுதான்.
இனம் என்ற கட்டத்தில்: மனிதர்.
நிறம்: விட்டுவிட்டேன்.
உரிமையாளர் பெயர் என்ற இடத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.
எட்டிப் பார்த்துச் சொன்னாள்:
"குழுக்கடன் மேனேஜர் பேரப் போடுங்க."

குட்டியை நாய்க்குப் போடாதே,
ஆழக் குழி வெட்டு, சுண்ணாம்பு கொட்டு என்றேன்.
ஓட்டலாக மாறும் பங்களா ஒன்றில்
முட்டை உடைத்து ஊற்றிச் சுண்ணாம்பு அரைக்கிறார்களாம்;
காவல்காரர் சேவுகன் ஒரு கூடை தருவாராம்.
கண்ணாடிபோல் மினுங்கும் சுவருக்குப் போக வேண்டியது
கருவேலங்காட்டில் ஒரு முழ நீள உடம்பை மூடியது.

பால் பொங்கின பிறகும் கொதிக்கணும் என்றேன். சரி என்றாள்.
பேறு பார்த்தால் கையுறை போடணும் என்றேன்.
இரண்டு ஜோடி வாங்கிக்கொண்டாள்.
இந்த ஆட்டை விற்காதே என்றேன்.
அதற்குத்தான் பதில் வரவில்லை.
வியாபாரி வெள்ளிக்கிழமை வருவான்; ஆறாயிரம் பேசியிருக்கிறது.

"வித்தா, காய்ச்சல் யார் வீட்டுக்குப் போகும்?"
"வாங்குறவங்க வீட்டுக்கு. இல்ல, வெட்டுறவங்க கைக்கு."
"விக்காட்டி?"

அலமாரியைத் திறந்து
குடற்புழு மருந்தை எதற்கோ நகர்த்தி வைத்தேன்.

மறுநாள் காரைக்குடியிலிருந்து போன்.
"என்ன மேடம், மாட்டுச் சீட்டுல ஆள அனுப்பியிருக்கீங்க?"
சிரித்தார். சிரிப்பு தேய்ந்து,
"அந்தம்மாகிட்ட எத்தனை ஆடு?" என்றார்.
பத்து மாதத்தில் முதல் முறையாக
யாரோ கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஆறரை வரை மருந்தகத்தைப் பூட்டவில்லை.
புதுவயல் சாலையில் வியாபாரியின் வண்டி போனது.
பின்னால் ஆடுகள் நின்றன, ஒன்றின்மேல் ஒன்று கழுத்து நீட்டி.
எண்ணினேன், ஏழு.
அடையாளம் காணும் அளவுக்கு வெளிச்சமில்லை.