தீர்மானம் எண் மூன்று

'அன்னார்' என்று தொடங்கினேன். அடித்தேன்.
'ஈடுசெய்ய முடியாத' என்று எழுதினேன்,
அவள் இருந்தால் சிரிப்பாள் என்று
அதையும் அடித்தேன்.
புதுவயல் கலை மன்றத்துப் பொருளாளன் நான்.
கூட்டலும் கழித்தலும் தெரிந்த கை,
இரங்கல் எழுதிப் பழக்கமில்லை.

ஆகவே கணக்கிலிருந்து வருகிறேன்.

பாகம்பிரியாளின் நோட்டு
மேசையில் கிடக்கிறது.
முன்னாலிருந்து புரட்டினால் வீட்டுச் செலவு,
கவிழ்த்துப் பிடித்தால் மன்றத்துச் செலவு.
இரண்டும் எதிரெதிரே நடந்துவந்து
நடுவில் முட்டிக்கொள்கின்றன:
பூமயிலுக்குப் பேறுகால மருந்து அறுநூற்று நாற்பது,
ராஜாவுக்கு மீசை இரண்டு, எண்பது,
மாமியாருக்குக் கண் சொட்டு,
மிருதங்கக்காரருக்குப் பஸ் காசு, வர மட்டும்.
திரும்பிப் போக நம்ம வண்டி.
எது எந்தக் கணக்கு என்று
தணிக்கைக்கு வந்தவர் கேட்டார்.
எனக்கும் தெரியலை சார் என்றேன்.

அரிசி மில்லின் பழைய கிட்டங்கிதான் எங்கள் அரங்கம்.
எந்த அரண்மனைக் காட்சியிலும்
அவித்த நெல்லின் வாடை வரும்.
முதலாளியிடம் சாவி கேட்கப் போன அன்று
அவள் இடுப்பில் பிள்ளை, கையில் மனு.
'மாசத்துல ஒரு சனிக்கிழமை.
கூட்டிக் கழுவித் தந்துருவோம்.'
முப்பத்தொரு வருஷம்
கூட்டிக் கழுவித் தந்தாள்.

தொண்டை கட்டிய பாடகருக்கு மிளகு ரசம்.
மாலை சின்னதாக இருக்கிறது என்று
முறுக்கிக்கொண்ட நடிகருக்கும்
அதே மிளகு ரசம்.

காரைக்குடியிலிருந்து வரவேண்டிய ராணி
வராமலே போன ஒரு ராத்திரி.
ஊர் உட்கார்ந்தாயிற்று, விசில் பறக்கிறது.
வசனம் முழுக்க இவளுக்குப் பாடம்,
அடியெடுத்துக் கொடுக்கிறவளே இவள்தான்.
'நீங்களே ஏறிடுங்கக்கா' என்றோம்.
'நான் ஏறிட்டா திரையை யாரு இழுக்கிறது?'
என்று கேட்டுக்கொண்டே
என் இடுப்பில் சேலையைச் சுற்றினாள்.
மழிக்க நேரமில்லை, முந்தானையால் மூடினாள்.
மீசை வைத்த ராணிக்கு விழுந்த கைதட்டு
அப்புறம் எந்த ராணிக்கும் விழவில்லை.

ஒருநாள் கேட்டேன்,
ஏற ஆசையே வந்ததில்லையா என்று.
கயிற்றைச் சுருட்டியபடி
'சும்மா இருங்க' என்றாள்.
அது ஆமாவா, இல்லையா,
இன்றுவரை பிடிபடவில்லை.

எல்லாம் நல்லதாகவே எழுதக்கூடாது.
'எங்க வீட்டுல சனிக்கிழமைன்னா
அம்மா இல்லாத கிழமை'
என்று பூமயில் சொல்லியிருக்கிறாள்.
சொன்ன கையோடு
நாற்காலி மடக்க வந்துவிட்டாள்.

அடைக்கலம் மில்லில் எடை போடுகிறவர்.
பெண்டாட்டி நடத்துகிற நாடகத்துக்கு
முதல் நாளிலிருந்து
டிக்கெட் வாங்கித்தான் உள்ளே வருவார்.
'வீட்டாளுக்கு ஓசின்னா ஊருக்கே ஓசி'
என்பது அவள் போட்ட சட்டம்.
நோட்டில் இந்தப் பக்கம் பார்த்தால்
'அவுக டிக்கெட், முப்பது', செலவு.
அந்தப் பக்கம் பார்த்தால் அதே முப்பது, வரவு.
நூற்றிருபது பக்கத்தில்
பிசகாமல் ஒத்துப்போகிற வரி
அது ஒன்றுதான்.

இன்று இரங்கல் கூட்டம்.
நாற்காலி வரிசை கோணிக் கிடக்கிறது.
அவள் போட்ட முடிச்சை
அவிழ்க்கத் தெரியாமல்
திரையைப் பாதியில் விட்டிருக்கிறோம்.
படத்துக்கு மாலை போடுவதா,
முதலில் விளக்கு ஏற்றுவதா என்று
தலைவரும் செயலாளரும் கிசுகிசுக்கிறார்கள்.

அடைக்கலம் வந்தார்.
நேரே உள்ளே போகவில்லை.
என் மேசை முன்னால் நின்று
சட்டைப்பையைத் துழாவி
மூன்று பத்து ரூபாய்த் தாளை எண்ணி வைத்தார்.

இன்றைக்கு டிக்கெட் இல்லைங்க என்று சொல்ல
வாயெடுத்தேன்.
பிறகு இழுப்பறையைத் திறந்து
போன மாதத்துக் கட்டில் மிஞ்சியதில்
ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன்.
எண்ணைப் பார்த்துக்கொண்டு
அவர் இருக்கையைத் தேடிப் போனார்.

தீர்மானம் மூன்று
இன்னும் எழுதி முடியவில்லை.
வரவு முப்பது மட்டும்
எழுதிவிட்டேன்.